குடித்த வயது

மூலைக்கு மூலை பிராந்திக் கடை இருக்கிற எங்கள் புதுச்சேரிக்கு, ஒரு பிராந்தியை முகர்ந்து பார்ப்பதற்கென்றே பிரான்சிலிருந்து ஒரு மனுஷர் விமானம் ஏறி வருகிறார் என்று கேள்விப்பட்டபோது, குடிக்கத் தெரியாதவன்தான் முகர்ந்து பார்ப்பான் என்று சொல்லி நாங்கள் சிரித்தோம். சிரித்தோமே தவிர, அவர் வந்த அன்று காலையில் சலேத் மாதா தெருவில் இருந்த அத்தனை பேரும் குளித்து முழுகி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, செசீல் டீச்சர் வீட்டு முற்றத்தில் போய் நின்றோம்.

அந்தப் பிராந்திப் பீப்பாய் டீச்சருடைய சித்தப்பா சவரிநாதருடையது. அவர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கஸ்கோஞ் என்கிற சீமையில், வெள்ளத்தில் போன ஒரு திராட்சைத் தோட்டக்காரனை அவர் தலைமுடியைப் பிடித்துக் கரையேற்றினாராம். அந்த நன்றிக்கு அவன், தன் தோட்டத்துத் திராட்சையில் வடித்த பிராந்தியை, வேறு எதோடும் கலக்காமல், ஒற்றை ஓக் மரப் பீப்பாயாக அவருக்குக் கொடுத்துவிட்டான். சவரிநாதர் அதைக் கப்பலில் கொண்டுவந்து, பின்கட்டு அறையில் படுக்கவைத்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, “இன்னும் தூங்குறான்” என்று சொல்லிவிட்டு வந்து கடைப் பிராந்தியைக் குடித்துப் படுத்துக்கொள்வார். அப்படியே ஒரு கிறிஸ்துமஸுக்கு அவரும் தூங்கிப்போனார்.

அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது டீச்சர்தான். நாற்பது வயது, கல்யாணமாகவில்லை, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர். சித்தப்பாவின் மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ் ஓடாமல் போன கோடையில் அதைச் சரிசெய்ய வந்தவன் கில்பேர், முப்பத்தொரு வயது மெக்கானிக். அந்த ஃப்ரிட்ஜ் நல்ல ஃப்ரிட்ஜ்தான். அவன் வாராவாரம் வந்து திறந்து பார்த்ததில்தான் அது கெட்டது. சித்தப்பா செத்த பிறகு ஃப்ரிட்ஜுக்கு வேலையில்லாமல் போனது, அவன் வருவது மட்டும் நிற்கவில்லை. பிறகு இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னார்கள்.

அதற்குத்தான் எங்கள் தெரு ஒத்துக்கொள்ளவில்லை. முக்கியமாக ரஃபாயேல் பிரகாசம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவைத் தலைவர். அதற்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருடைய வயதும், எங்களுக்கு மறந்துபோனாலும், அவருக்குத் தெரியும். “பொண்ணைவிட மாப்பிள்ளை ரெண்டு வயசாவது மூத்திருக்கணும். இங்க ஒன்பது வயசு தலைகீழா இருக்கு. இதுக்குக் கோயில்ல ஓலை வாசிக்க முடியாது” என்று சொல்லிவிட்டார். பங்குச் சாமியார் இளைஞர், பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவர். ஆகவே கல்யாணத்தைக் கோயிலில் அறிவிக்கிற ஓலை வாசிக்கப்படாமலே இருந்தது. வீட்டையாவது காலி செய்து வைப்போம் என்றுதான் டீச்சர் அந்தப் பீப்பாயைப் பற்றிப் பிரான்சுக்குத் தகவல் சொன்னார்.

வந்தவர் பெயர் தெலக்கூர். பழைய ஒற்றைப் பீப்பாய்ச் சரக்குகளைத் தேடிப் பிடித்து வாங்குகிற ஒரு கம்பெனிக்காரர். இடுப்பு ஒடுங்கி, வயிறு மொட்டுப்போல் உப்பிய ஒரு கண்ணாடிக் கோப்பையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். குழாயைத் திருகியதும் வெல்லப்பாகு நிறத்தில் ஒரு நூல் இறங்கியது. அதை அவர் குடிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், எடுத்தார், முற்றத்தை ஒருமுறை சுற்றி வந்தார், மறுபடியும் மூக்கை விட்டார். பிறகு ஜெபம் சொல்வதுபோல் மெதுவாகப் பேசினார். டீச்சர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “உலர்ந்த பிளம் பழம் வருதாம். சுருட்டுப் பெட்டி. ஆரஞ்சுத் தோல். மழையில நனைஞ்ச குதிரைச் சேணம். கோயில்ல மெழுகுவத்தி அணைச்ச பிறகு வர்ற வாசனை.”

“குதிரைச் சேணத்தையா டீச்சர் இத்தனை நாள் ஊறவச்சிருந்தீங்க?” என்று கேட்டார் கவுன்சிலர் சிங்காரவேலு.

தெலக்கூர் ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடி, அதைக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, எங்கள் வாயெல்லாம் ஊறிக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலிருந்த பித்தளைச் சொம்பில் துப்பிவிட்டார். இரண்டு பேர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். துப்பியதில் ஒரு துளி சொம்புக்கு வெளியே தெறித்து, மூன்று இலை விட்டிருந்த ஒரு பப்பாளிக் கன்றின் மேல் விழுந்தது. கன்று எழுந்து, கூரை உயரம் போய், பூத்து, காய்த்து, பழுத்து, ஒரு கிளியும் வந்து உட்கார்ந்தது. பழம் யாருக்கு என்று பக்கத்து வீட்டார் விசாரித்தார்கள்.

தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் விழுங்கமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது; எங்கள் ஊரில் துப்புகிறவனுக்கு யாரும் ஊற்றுவதும் இல்லை. அடுத்த கோப்பையை வாங்கிய சிங்காரவேலு ஒரே மடக்கில் விழுங்கினார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. மேலே இருக்கிற பெரியவர்கள் யாரும் நகராததால், அந்த வயதிலும் கட்சியின் இளைஞர் அணித் தலைவராகவே இருந்தார். மடக்கு தொண்டையில் இறங்கும்போதே அவர் தலை வெளுத்தது, மீசை வெளுத்தது, கன்னம் தொங்கியது, முதுகு லேசாக வளைந்தது. அவர் மெதுவாக முட்டியைத் தடவிக்கொண்டார்.

“இப்பதாண்ணே பார்க்கத் தலைவர் மாதிரி இருக்கீங்க” என்றான் கூட வந்தவன்.

யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அதுவரை எங்கள் தெருவில் சிங்காரவேலுவுக்கு யாரும் நாற்காலி கொண்டுவந்ததில்லை. அவர் அதில் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடி, “நல்ல சரக்கு” என்றார். தெலக்கூரும் அதையேதான் சொன்னார், விழுங்கிய பிறகு நாக்கில் நெடுநேரம் நிற்கிற சரக்கு என்றார். வாங்குவதற்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டு ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

அடுத்த வாரமே சிங்காரவேலு கட்சியின் மூத்த தலைவராகிவிட்டார். அந்தக் காலத்துப் போராட்டங்களைப் பற்றிப் பேசச் சொல்லி மேடையேற்றினார்கள். குடித்த வயதில் நினைவு என்று ஒன்றும் கூட வராது. நரையும் முட்டிவலியும்தான் வரும். ஆகவே அவர் வாய்க்கு வந்ததைப் பேசினார். மற்ற மூத்த தலைவர்கள் பேசியதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாததால் கூட்டம் கைதட்டியது.

பிறகு எங்கள் தெருவுக்கு வரிசை வந்தது. எங்கள் வெயிலில் பாதிப் பிராந்தி மரத்தின் வழியாக ஆவியாகிவிட்டது, ஆனால் போனது சரக்குதான், வயது போகவில்லை, எல்லாம் மீதிப் பாதியில் சுண்டி நிற்கிறது என்று பேசிக்கொண்டோம். அதற்குமேல் காரணம் தேட யாருக்கும் நேரமில்லை. வழக்கோடு கட்சிக்காரர் யாரும் வராத ஜூனியர் வக்கீல் வந்தார், ஒரு மடக்கில் சீனியர் ஆனார். ‘சின்னப் பையன்’ என்று நோயாளிகள் நம்பாத டாக்டர் வந்தார். நரைத்த பிறகு, அவர் கொடுத்த அதே மாத்திரையில் ஜுரம் சீக்கிரம் இறங்கியது. ஓரகத்திகள் இருவர் வந்து, யார் மூத்தவள் என்பதற்காக மாற்றி மாற்றிக் குடித்து, ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். புருஷன் பிரான்சுக்குப் போய்த் திரும்பாத ஒருத்தி, காத்திருக்கிற வருஷங்களை ஒரேயடியாகக் கழித்துவிடலாம் என்று வந்து குடித்தாள். கழிந்தது. அவன் வரவில்லை. கல்யாண விளம்பரங்களில் ‘வயது முப்பத்தைந்து, பிறந்த வகையில் இருபத்தாறு’ என்று போட ஆரம்பித்தார்கள். உண்மையிலேயே வயதானவர்கள் சிலர் மட்டும் வந்து, இது மறுபக்கம் வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இப்படிக் கட்டுப்பாடில்லாமல் போனால் தெருவின் மரியாதை என்னாவது என்று ரஃபாயேல் ஒரு முதிர்வுக் குழு அமைத்து, பின்கட்டு அறைச் சாவியை டீச்சரிடம் கேட்டார். கொடுத்தால் ஓலை விஷயத்தில் மனம் இளகுவார் என்று டீச்சர் கொடுத்தார். குழுவின் தலைவர் எல்லோரையும்விட மூத்தவராக இருக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டு, ரஃபாயேல் இரண்டு மடக்கு குடித்தார். அவர் மனைவி அவரைப் பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டாள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. குடித்த வயது, பிறந்த வயது ஆகாது என்றும், அதற்கு முதியோர் உதவித்தொகை கிடையாது என்றும் சுற்றறிக்கை வந்தது. சிங்காரவேலு தலைமையில் நாங்கள் கடற்கரைச் சாலையில் ஊர்வலம் போனோம். ‘குடித்த வயதும் வயதே’ என்று கோஷம் போட்டோம். பாதி தூரத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியதால் ஊர்வலம் உண்ணாவிரதமாக மாற்றப்பட்டது.

இந்தக் களேபரத்தில் கில்பேரின் அம்மா தெரேசம்மாள் ஒருநாள் குழுவிடம் போனாள். அவளுக்கு நிஜமாகவே எழுபது வயது. “என் பையன் ஒரு மடக்கு குடிச்சா ஓலை வாசிப்பீங்களா?” என்று கேட்டாள். குழு கூடிப் பேசியது. மாப்பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் குடித்து, பெண்ணின் வயதுக்கு வந்துவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று முடிவானது. தவக்காலம் தொடங்கிவிட்டதால் கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகுதான். தவக்காலத்தில் குடிக்கலாமா என்று சாமியார் தயங்கிக் கேட்டார். வயது என்பது மருந்து வகையில் சேரும் என்று ரஃபாயேல் சொன்னார்.

கில்பேர் அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்தான்.

“ஒரு மடக்குதானே செசீல். உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கிறதை நான் குடிச்சிடறேன். அப்புறம் எவன் பேசுவான்?”

“அது எங்கேர்ந்து வருதுன்னு நினைச்சே? பீப்பாயிலேர்ந்தா? நாம சேர்ந்து இருக்கப்போற வருஷத்துலேர்ந்து எடுத்துக் குடிக்கப்போறே.”

“சேர்ந்து இருக்கவே விடலைன்னா அந்த வருஷத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

டீச்சர் பப்பாளி மரத்தைப் பார்த்தார். “முப்பத்தஞ்சுல நீ எப்படிக் கோபப்படுவேன்னு நான் பார்க்கணும் கில்பேர். முப்பத்தெட்டுல எப்படித் தொப்பை போடுவேன்னு பார்க்கணும்.”

“தொப்பை போடமாட்டேன்.”

“போடுவே. உங்கம்மா சமையல் அப்படி.”

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, “நான் குடிக்கிறேன்னு குழுகிட்ட சொல்லிட்டேன். அம்மா ரொம்ப நாள் காத்திருக்க முடியாது” என்றான். டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊற்றிக் கொடுக்கிற வேலையைக் குழு டீச்சரிடமே விட்டிருந்தது, குழுவில் யாராலும் குனிய முடியாது என்பதால். தெலக்கூரைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடி டீச்சர் தினமும் காலையில் ஒரு சொட்டை முகர்ந்து, நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுத்தான் ஊற்ற ஆரம்பிப்பார். தவக்காலத்தின் முதல் வாரத்தில் ஒரு காலை, குதிரைச் சேணம் வரவில்லை. அடுத்த நாள் சுருட்டுப் பெட்டியும் இல்லை. நிறமும் ஒரு சாயல் வெளுத்திருந்தது. குடித்தவர்களுக்குப் போன வயது பீப்பாய்க்குள் குறைகிறது, பிராந்தி நாளுக்கு நாள் இளசாகிக்கொண்டு வருகிறது என்று டீச்சருக்குப் புரிந்தது. ஈஸ்டருக்குள் அத்தனை வயதையும் தீர்த்துவிட முடியுமா என்று அவர் கணக்குப் பார்த்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டதற்கு மேலேயே ஊற்றினார்.

ஆனாலும் ஆட்கள் குடித்துத் தீர்ப்பதாகத் தெரியவில்லை. அப்போதுதான் லாட்ஜ்காரர்கள் வந்தார்கள். எங்கள் ஊரில் பழைய வீடு என்றால் வெளிநாட்டுக்காரன் வந்து தங்குவான், பாரம்பரியக் கட்டிடம் என்று வாசலில் பலகை வைப்பார்கள். போன வருஷம் சிமென்ட்டில் கட்டிய லாட்ஜுக்கு யார் பலகை வைப்பார்கள்? “ஒரு குடம் கொடுங்க டீச்சர், சுவத்துல தெளிச்சுப் பார்க்கலாம்” என்றார் ஒருவர். டீச்சர் இரண்டு குடம் கொடுத்தார். தெளித்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது, ஜன்னல் சட்டம் உளுத்தது, மாடியில் அரசமரம் முளைத்தது. மறுவாரமே பலகை வைத்தார்கள். அதற்குப் பிறகு டீச்சர் குழாயை மூடவே தேவையிருக்கவில்லை. ஒரு லாட்ஜ்காரர் பேராசையில் நாலு குடம் ஊற்றியதில் கட்டிடமே விழுந்துவிட்டது. அந்த இடிபாட்டுக்கு இன்னும் பெரிய பலகை வைத்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் குடித்தவர்களுக்கு ஒரு மடக்குக்கு நாலைந்து நரைமுடிதான் வந்தது. புகார் சொன்னார்கள். நம்பிக்கையில்லாமல் குடித்தால் அப்படித்தான் என்று ரஃபாயேல் தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் அவருக்கே சந்தேகம் வந்திருக்கவேண்டும். மாப்பிள்ளை குடிப்பதற்கு முன்னால் அந்தப் பிரெஞ்சுக்காரர் ருசி பார்த்து உறுதி சொல்லட்டும் என்றார்.

ஈஸ்டருக்கு மறுநாள் தெலக்கூர் பத்திரங்களோடு வந்து இறங்கினார். முற்றத்தில் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது; நிற்கிற வயதில் யாரும் இல்லை. கில்பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். தெரேசம்மாள் அவனுக்கு எதிரே உட்காராமல், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் குழாயைத் திருகினார். கோப்பையில் இறங்கியது இளம்பச்சையாக, கலங்கலாக இருந்தது. தெலக்கூர் மூக்கை விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார். ஒரு வாய் வைத்தார், துப்பினார். பிறகு பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நேற்றுப் பிழிந்த திராட்சைச் சாறு என்று அவர் சொன்னதாக டீச்சர் எங்களிடம் ஒத்துக்கொண்டது வெகுநாள் கழித்து. அன்று டீச்சர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தமிழில் சொன்னது இது:

“முன்னைவிட முதிர்ந்திருக்காம். தாராளமாகக் குடிக்கலாமாம்.”

எல்லோரும் ரஃபாயேலைப் பார்த்தோம். பிரெஞ்சு தெரியும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். அவர் தலையை மெதுவாக ஆட்டினார். “டீச்சர் சரியாச் சொல்றாங்க. கிட்டத்தட்ட அதே வார்த்தை.”

தெலக்கூர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நரைத்த எங்கள் தலைகளை, ஊன்றுகோல்களை, வெள்ளைச் சட்டையில் நிற்கிற அந்த ஒரே இளைஞனை, கடைசியாக டீச்சரை. பிறகு என்னவோ கேட்டார். என் பிராந்தியை யார் குடித்தது என்பது கேள்வி. மணமக்களை வாழ்த்துகிறார் என்று டீச்சர் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். அவர் பத்திரங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கில்பேர் கோப்பையை வாங்கினான். அவனுக்கு எதுவும் தெரியாது. ஒன்பது வருஷத்தை விழுங்கப்போகிறவனைப் போலவே டீச்சரை ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொண்டான். இதைக் கேட்டு வாங்கிய தெரேசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் குடித்தான். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையை விரித்துப் புறங்கையைப் பார்த்தான். தோல் சுருங்கவில்லை. நெற்றிக்கு மேலே தடவிப் பார்த்தான். முடி கறுப்பாகவே இருந்தது.

“இனிக்குது” என்றான்.

தெரேசம்மாள் கண்ணைத் திறக்காமலே தூணை விட்டு வந்து, அவன் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். “ஏன்தான் போய்க் கேட்டேனோன்னு இருந்துச்சுடா” என்றாள்.

குழுவுக்குச் சங்கடமாகப் போனது. சிங்காரவேலு, சரக்கில் ஏதோ மோசடி என்று ஆரம்பித்தார். ஆனால் சரக்கு சரி என்று ரஃபாயேல்தான் பிரெஞ்சு தெரிந்து சாட்சி சொல்லியிருக்கிறார். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். “குடிக்கணும்னுதான் தீர்மானம். குடிச்சிட்டான். வயசு உள்ளுக்குள்ள ஏறியிருக்கு. வெளியே தெரிய நாளாகும். இன்னிலேர்ந்து பையனுக்கு நாற்பது. ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கலாம்.” குழு அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. தெலக்கூர் மாத்திரம் கிளம்புவதற்கு முன்னால் டீச்சரிடம் இன்னொரு கோப்பை சாறு கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கில்பேர் டீச்சரிடம், “உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான். தெரியும் என்றார் டீச்சர். “என்கிட்ட சொல்லியிருக்கலாம்.” “உனக்கு நடிக்க வராது. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சுன்னு வாராவாரம் நீ சொன்னதை நான் பார்த்தேனே.”

கல்யாணம் நன்றாக நடந்தது. தாலி கட்டி முடிந்து, மணமக்கள் பெரியவர்களிடம் ஆசி வாங்கவேண்டிய நேரம் வந்தது. முன்னால் போய் முழங்காலிட வேண்டும், பெரியவர் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார். எங்கள் தெருவில் அப்போது பெரியவர் அல்லாதவர் யாரும் இல்லை. ரஃபாயேல் முதல் நாற்காலி, சிங்காரவேலு இரண்டாவது. பிறகு சீனியர் வக்கீல், நரைத்த டாக்டர், ஓரகத்திகள், லாட்ஜ்காரர்கள் என்று நாற்காலிகள் முற்றத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருக்கோடிவரை போயின. ஆசி கொடுக்கத்தானே இத்தனை பேரும் குடித்தோம். அதுவரை எங்கள் முன்னால் முழங்காலிட ஒருவரும் மிஞ்சாததால் எல்லோரும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆவலாகக் காத்திருந்தோம். இருவரும் முழங்காலிட்டார்கள், எழுந்தார்கள், நகர்ந்தார்கள், மறுபடி முழங்காலிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. டீச்சருடைய நெற்றி சிவந்து தடித்தது. கில்பேருடைய புது பேன்ட் முட்டியில் கிழிந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் அவர்கள் வரிசையின் கடைசிக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடைசியில் தெரேசம்மாள் இருந்தாள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு குனியப் போனார்.

“போதும் நில்லு” என்று தெரேசம்மாள் டீச்சர் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் நாற்காலியில் மருமகளை உட்காரவைத்து, தான் கீழே உட்கார்ந்து, சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“வலிக்குது அத்தை.”

“இந்த வலி எனக்கு வர்றதுக்கு அறுபது வருஷமாச்சு. உனக்கு ஒரே நாள்ல கொடுத்துட்டானுங்க.” மகனைத் தைலம் எடுத்துவரச் சொல்லி, மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

தெருக்கோடிவரை நாங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஆசி கொடுத்துக் கையெல்லாம் வலித்தது. காபி நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. யாராவது கொண்டுவருவார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ரஃபாயேல்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இங்கே பெரியவங்க இத்தனை பேர் இருக்கோம், ஒரு வாய் காபி...” என்று இழுத்தார்.

தெரேசம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். “அடுப்பு உள்ளே இருக்கு. வேணுங்கிறவங்க எழுந்துபோய்ப் போட்டுக்கங்க.”

பிறகு சிங்காரவேலு, நாற்காலியின் கையைப் பிடித்து, முட்டியில் கையை ஊன்றி, ஒரு வழியாக எழுந்து நின்றார். காபித்தூள் எந்த டப்பாவில் இருக்கும் என்று கேட்டார்.